உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள்

காதோரமாகக் கன்னம் வீங்கிவிட்டால் அதனைப் 'பொன்னுக்கு வீங்கி' என்று சொல்லிப் பிள்ளையின் கழுத்தில் பொற்சங்கிலியை அணிவிப்பதும், வீங்கிய இடத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவதும் நம்மவரிடையே தொன்றுதொட்டு நிலவிவரும் வழக்கமாகும். அந்நோய் வைரஸ் என்னும் நுண்கிருமியால் உண்டாவது. காய்ச்சலும் வலியும் உடன்வரும். ஏறத்தாழ ஒரு வார காலத்தில் வீக்கம் தானாகவே வடிந்துவிடும். சங்கிலி அணிந்த பிள்ளைக்கும் வடியும். அணியாத பிள்ளைக்கும் வடியும். ஆனால், அதே காதோரத்தில் காய்ச்சலின்றி, வலியின்றி, ஒரு நெல்லிக்காய் அளவில் தோன்றி, மாதக்கணக்கில் வடியாமல் நின்றுவிடும் கட்டி முற்றிலும் வேறானது. அதற்கும் மஞ்சள் பற்றே போதும் என்று பெரியவர்கள் இருந்துவிடுவதால்தான் கேடு விளைகின்றது. வலி இல்லை என்பதே அவர்களை ஏமாற்றிவிடுகின்றது. வலிக்கும் பல்லுக்காக ஒருநாள் சம்பளத்தை இழக்கத் துணிபவர்கூட வலிக்காத கட்டிக்காக அரைநாள் இழக்க மனம் கொள்வதில்லை.

அக்கட்டி எங்கிருந்து தோன்றுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நமது வாயில் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கின்றது. இதனைச் சுரப்பவை மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகள். காதின் முன்னும் கீழுமாக அமைந்திருப்பது செவியடிச் சுரப்பி. மூன்றனுள் இதுவே பெரியது. கீழ்த்தாடை எலும்பின் உட்புறம் இருப்பது தாடைச் சுரப்பி. நாக்கின் அடியில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவையன்றி, அண்ணம், உதடு, கன்னத்தின் உட்புறம், தொண்டை ஆகிய இடங்களில் கண்ணுக்குப் புலனாகாத சிறு சுரப்பிகள் 600 முதல் 1,000 வரை பரவிக் கிடக்கின்றன. பால்மரத்துப் பட்டையினுள் ஊறும் பால் வெட்டுக்கோட்டின் வழியே வழிந்து மங்கில் சேர்வதுபோல, பெருஞ்சுரப்பிகளில் ஊறும் நீர் நுண்ணிய குழாய்களின் வழியே வாயினுள் வந்து சேர்கின்றது. செவியடிச் சுரப்பியின் குழாய் மேல்வரிசையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தில் திறக்கின்றது. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்ப்போர் அவ்விடத்தில் ஒரு சிறு மேட்டைக் காணலாம்.

செவியடிச் சுரப்பிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. முகத்தை இயக்கும் நரம்பு அதன் நடுவே ஊடுருவிச் சென்று ஐந்து கிளைகளாகப் பிரிகின்றது. புருவத்தை உயர்த்துவதும், கண்ணை மூடுவதும், சிரிப்பதும், உதட்டைக் குவித்து விளக்கை ஊதி அணைப்பதும் இந்நரம்பின் வேலைகளே. இக்கட்டுரையில் கூறப்படும் சிகிச்சை முறைகள் பலவற்றின் கடினம் இந்த ஒரு நரம்பின் இருப்பிடத்தாலேயே உண்டாகின்றது.

எல்லா வீக்கமும் கட்டியன்று

தாடையின் கீழ் வீக்கம் கண்டவுடன் புற்றுநோய் என்று அஞ்சி உறக்கமின்றி இருப்போரும் உளர். அவ்வச்சம் பெரும்பாலும் வேண்டாதது. உணவைக் கண்டவுடன் அல்லது புளிப்பை வாயிலிட்டவுடன் தாடைக்குக் கீழே புடைத்து, உண்டு முடித்த சிறிது நேரத்தில் வடிந்துவிடுமாயின், அது பெரும்பாலும் சுரப்பிக் குழாயில் அடைத்துக்கொண்ட கல்லே ஆகும். கல்லை எடுத்துவிட்டால் தொல்லை தீரும். நெடுங்காலம் மது அருந்துவோருக்கும், நீரிழிவு உள்ளவருக்கும், சத்துக்குறைவு உள்ளவருக்கும் இரு காதோரங்களும் ஒருசேர மெத்தென்று உப்பிக் காணப்படுவதுண்டு. கள்ளும் சம்சுவும் பல குடும்பங்களைக் கெடுத்த வரலாற்றை நம் தோட்டப்புற மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவை முகத்திலேயே இவ்வாறு கையெழுத்திட்டுச் செல்கின்றன என்பதை மட்டும் கூறலாம்.

கண்டமாலை எனப்படும் காசநோய்க் கழலையும் இதே இடத்தில் தோன்றக்கூடியது. சிங்கப்பூரின் டான் டோக் செங் மருத்துவமனை நெடுங்காலம் காசநோய்ச் சிகிச்சைக்கே பெயர் பெற்றிருந்தது. 1844ஆம் ஆண்டில் பெர்ல்ஸ் குன்றில் ஏழைகளுக்கென அடிக்கல் நாட்டப்பெற்ற அம்மருத்துவமனை, பின்னர் இந்தியர் மிகுந்து வாழ்ந்த சிராங்கூன் சாலைப் பக்கம் பெயர்ந்து, 1909இல் மௌல்மீன் சாலைக்கு மாறியது. இன்று லிட்டில் இந்தியாவிலிருந்து சிறிது தூரத்திலேயே உள்ளது. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து உறவினரைக் காணச் சென்றோருக்கு அது பழகிய பெயரே.

எவருக்கு, எதனால்?

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் அரிதாகத் தோன்றுபவை. அவற்றுள் 100க்கு ஏறத்தாழ 80 செவியடிச் சுரப்பியில் தோன்றுகின்றன; அவ்வாறு தோன்றுபவற்றிலும் 100க்கு ஏறத்தாழ 80 புற்றல்லாத சாதுவான கட்டிகளே. தாடைச் சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி தீயவை. நாவடிச் சுரப்பியிலும் அண்ணத்துச் சிறு சுரப்பிகளிலும் தீயவையே மிகுதி. சுருங்கக் கூறின், சுரப்பி சிறியதாயின் ஐயம் பெரிது. அண்ணத்தில் வழவழப்பான மேடு ஒன்று எழுந்து, நேற்றுவரை பொருந்திய செயற்கைப் பல்வரிசை இன்று பொருந்தவில்லை என்றால், பல்வரிசையை அராவிக் கொடுக்கச் சொல்வதோடு நின்றுவிடாமல் அம்மேட்டையும் பல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

காரணம் என்ன என்று வினவினால், பெரும்பாலோருக்கு இன்ன காரணம் என்று சுட்டிக் கூற இயலாது. கதிர்வீச்சு ஓர் உறுதியான காரணம். 1945இல் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் வீசப்பெற்ற அணுகுண்டுகளுக்குத் தப்பிப் பிழைத்தோரிடையே இக்கட்டிகள் மிகுதியாகக் காணப்பட்டன. 'வார்தின்' என்பாரின் பெயரால் வழங்கும் சாதுவான கட்டி ஒன்று புகைபிடிப்போரிடையே மிகுதி. சீனத்தின் தென்பகுதி மக்களிடையேயும், வட துருவத்தை அடுத்து வாழும் எஸ்கிமோ மக்களிடையேயும் எப்ஸ்டீன்-பார் என்னும் வைரசோடு தொடர்புடைய ஒருவகைச் சுரப்பிப் புற்றுநோய் காணப்படுகின்றது.

வெற்றிலை பாக்கு இந்நோயை உண்டாக்குமா என்று கேட்போர் உளர். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிக்கும் தாம்பூலத்திற்கும் தெளிவான தொடர்பு நிறுவப்படவில்லை. இதனைக் கேட்டு மகிழ்ந்து பாக்குவெட்டியை எடுக்க வேண்டா. கன்னம், நாக்கு, ஈறு ஆகியவற்றின் தோலில் வரும் வாய்ப்புற்றுக்குத் தாம்பூலம் ஐயத்திற்கிடமற்ற காரணமாகும். சிங்கப்பூரில் இந்தியரிடையே வாய்ப்புற்று ஏனைய இனத்தாரினும் மிகுந்திருந்ததற்கு இதுவே விளக்கம். 1960ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் பணியாற்றிய மியூர், கர்க் என்னும் ஆய்வாளர் இருவர் வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று ஆகியவை பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டனர். புகையிலை கலந்த தாம்பூலத்தை 1985இலும், புகையிலை கலவாத பாக்கையே 2004இலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு தீயவற்றின் பட்டியலில் சேர்த்தது. குட்கா, கைனி, ஜர்தா போன்றவற்றைச் சிங்கப்பூர் 2016இல் தடை செய்துவிட்டது.

ரப்பரோடு வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு மற்றொரு வினாவும் எழலாம். டயர் முதலிய பொருள்களைச் செய்யும் ஆலைத் தொழிலாளரிடையே உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் மிகுதியோ என்னும் ஐயத்தை 1970இல் அமெரிக்க ஆய்வு ஒன்று எழுப்பியது. மேற்குறித்த அமைப்பு ரப்பர் ஆலைத் தொழிலைப் புற்றுநோய் விளைவிக்கும் தொழில்களுள் ஒன்றாக வைத்துள்ளது. எனினும் அதனால் வருவனவாக உறுதி செய்திருப்பவை சிறுநீர்ப்பை, நுரையீரல், இரைப்பை, இரத்தம் ஆகியவற்றைப் பற்றிய புற்றுநோய்களே. உமிழ்நீர்ச் சுரப்பி அவற்றுள் இல்லை. ஆலையில் கலக்கப்பெறும் இரசாயனங்களும் புகையும் தூசியும் பற்றிய பேச்சு அது. திறந்த வெளியில் பால்வெட்டும் தொழிலைப் பற்றியதன்று.

நோயாளி காணாத மருத்துவர்

கட்டி நல்லதா, தீயதா என்பதைக் கையால் தொட்டுப் பார்த்து அறுதியிட எவராலும் இயலாது. கட்டியை அறுப்பவர் ஒருவர். அது இன்னதென்று தீர்ப்பளிப்பவர் வேறொருவர். அவர் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் நோயியல் வல்லுநர். நோயாளி அவரை ஒருநாளும் காண்பதில்லை. அவர் பெயரையும் அறிவதில்லை. ஆனால் சிகிச்சை முழுவதும் அவர் எழுதும் சில வரிகளைப் பொறுத்தே அமைகின்றது.

இத்துறையில் சிங்கப்பூர் உலகறிந்த தமிழர் ஒருவரை ஈன்றுள்ளது. பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்னம் 1921இல் பிறந்து, ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் பயின்று, நோயியல் துறையில் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர். 2023இல் சிங்கப்பூரின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற தர்மன் சண்முகரத்னம் இவருடைய மைந்தராவார். ஆயினும், மகனின் பதவியால் அறியப்பட வேண்டியவர் அல்லர் அவர். சிங்கப்பூரில் வாழும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோருள் எவருக்கு எவ்வகைப் புற்றுநோய் எத்துணை வருகின்றது என்பதைத் தொடர்ந்து குறித்துவைக்கும் புற்றுநோய்ப் பதிவகத்தை 1967இல் அவர் தோற்றுவித்தார். 1968 முதல் அதன் கணக்குகள் இடையறாது கிடைக்கின்றன. மூக்கு, தொண்டை முதலிய மேல் சுவாசப் பாதைக் கட்டிகளை இனம் பிரிப்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 1978இலும் 1991இலும் வெளியிட்ட நூல்களை ஆக்கும் பொறுப்பும் அவரையே சார்ந்தது. 2018இல் தமது 97ஆம் வயதில் காலமானார்.

அப்பதிவகத்தால் சாதாரண நோயாளிக்கு என்ன பயன் என்று தோன்றலாம். மூக்கின் பின்புறத்துப் புற்றுநோய் தென்சீன மரபினரிடையே மிகுதி என்பது இத்தகைய ஆய்வுகளால் உறுதியாயிற்று. மேலே கூறிய எப்ஸ்டீன்-பார் தொடர்புடைய சுரப்பிப் புற்று நுண்ணோக்கியில் அந்நோயைப் போலவே தோன்றும். ஆதலின் காதோரத்துக் கட்டியில் அவ்வடிவம் தெரிந்தால், மூக்கின் பின்புறத்தில் தோன்றியது பரவி வந்ததா என்று முதலில் ஆராய்ந்த பின்னரே சிகிச்சையைத் தீர்மானிக்கின்றனர். நல்ல கணக்கு இருந்தால் தவறான கத்தி தவிர்க்கப்படுகின்றது.

இனி, கண்டறியும் முறைகளைப் பார்ப்போம். முதலில் மருத்துவர் கழுத்தையும் வாயினுள்ளும் தடவிப் பார்ப்பார். கண்ணை இறுக மூடச் சொல்வார். பல்லைக் காட்டச் சொல்வார். இது விளையாட்டன்று, முகநரம்பு ஐந்து கிளைகளிலும் இயங்குகின்றதா என்று சோதிக்கின்றார். கட்டியுடன் முகம் ஒருபுறம் கோணியிருந்தால் அது தீயதாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. அதனை வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக் காலங்கடத்துவது பேரிழப்பாகும். விரைவாக வளர்தல், தொடர்ந்த வலி, தோலோடு ஒட்டி அசையாதிருத்தல், நாக்கு மரத்துப்போதல், கழுத்தில் வேறு கழலைகள் தோன்றுதல் ஆகியவையும் உடனே செல்ல வேண்டிய அறிகுறிகளாகும்.

அடுத்து ஒலியலைப் படம் எடுக்கப்படும். வலியோ கதிர்வீச்சோ இல்லாதது. பின்னர், ஊசி போடும் ஊசியினும் மெல்லிய ஊசி ஒன்றைக் கட்டியினுள் செலுத்திச் சில உயிரணுக்களை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி நோயியல் வல்லுநருக்கு அனுப்புகின்றனர். இதனை நுண்ணூசிப் பரிசோதனை என்பர். 'கட்டியில் ஊசி பட்டால் பரவிவிடும்' என்னும் அச்சம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இத்துணை மெல்லிய ஊசியால் நோய் பரவுதல் அரிதினும் அரிது. உண்மையில் தீங்கு விளைவிப்பது, சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று எண்ணி எங்கேனும் மேலோட்டமாகக் கீறிப் பார்ப்பதாகும். அவ்வாறு கீறினால் கட்டியின் உறை கிழிந்து அணுக்கள் சிதறும். நரம்புக்கும் ஊறு நேரலாம். கட்டி ஆழமாகவோ தீயதாகவோ தோன்றினால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படமும் எடுப்பர்.

சிங்கப்பூரில் அக்கம்பக்கத்துப் பலதுறை மருந்தகத்திற்கு முதலில் சென்றால், அங்கிருந்து காது-மூக்கு-தொண்டை வல்லுநரிடம் அனுப்புகின்றனர். நம் நாட்டிலும் அரசாங்கக் கிளினிக்கிலிருந்து கடிதம் பெற்றுப் பெரிய மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

உளியும் கத்தியும்

செவியடிச் சுரப்பியில் மிகுதியாகக் காணப்படுவது பல்வகைத் திசுக்கள் கலந்த ஒரு கலப்புக் கட்டியாகும். இது சாதுவானது, ஆனால் சூதுள்ளது. ஐந்தாண்டுகளுக்குள் புற்றாக மாறுபவை 100க்கு ஒன்றோ இரண்டோ. பதினைந்து ஆண்டுகள் விட்டுவைத்தால் 100க்கு ஏறத்தாழ பத்து என்று மதிப்பிடப்படுகின்றது. மேலும், அதன் மெல்லிய உறையைத் தாண்டி நுண்ணிய விரல்கள் போன்ற பகுதிகள் வெளியே நீண்டிருக்கும். முற்காலத்தில் கட்டியை மட்டும் பட்டாணியைத் தோண்டுவதுபோல் தோண்டி எடுத்தனர். அவ்வாறு செய்யப்பெற்றோரில் 100க்கு 20க்கும் மேற்பட்டோருக்குச் சில ஆண்டுகளில் அது மீண்டும் முளைத்தது; அதுவும் ஒன்றாக அன்று, சிதறிய குறுநொய் போலப் பலவாக முளைத்தது. அதன் பின்னர் நரம்பைக் காத்து அவற்றை அகற்றுவது எத்துணைத் தேர்ந்த கைக்கும் கடினம். ஆகவே, முதல் அறுவையே சரியான அறுவையாக இருத்தல் வேண்டும்.

இன்று செய்யப்படுவது யாதெனில், காதின் முன்னிருந்து கழுத்து மடிப்புவரை கீறி, முகநரம்பை முதலில் தேடிக் கண்டு, அதன் கிளைகளைப் பிரித்து விலக்கி, நரம்பின்மேல் உள்ள சுரப்பிப் பகுதியோடு கட்டியை ஒருசேர எடுத்துவிடுதல். இதனால் கட்டி மீளத் தோன்றுதல் 100க்கு ஐந்துக்கும் குறைவாகிவிட்டது.

இதன் நுட்பத்தை நம் தொழிலாளருக்கு விளக்க வேறு உவமை வேண்டுவதில்லை. பால்மரத்தின் பட்டையைச் சீவும்போது உளி ஆழம் குறைந்தால் பால் வராது. ஒரு மயிரிழை மிகுந்தால் பட்டைக்கும் கட்டைக்கும் இடையேயுள்ள உயிர்ப்படலம் காயப்பட்டு, அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிப் பிறகு வெட்டுக்கு உதவாது. மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் மெல்லச் சீவும் இம்முறையை 1890களில் வகுத்தவர் சிங்கப்பூர்ப் பூங்காவனத்தின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி. அதே நகரின் அறுவை அரங்குகளில் இன்று மருத்துவர்கள் நரம்பை மின்கருவியால் கண்காணித்தவாறே கத்தியைச் செலுத்துகின்றனர். தேர்ந்த வெட்டுக்காரர் ஒருவருக்கு அவர்களுடைய கவலை எளிதில் விளங்கும்.

அறுவைக்குப் பின் பொதுவாக ஓரிரு நாள்கள் மருத்துவமனையில் தங்க நேரும். இரண்டு வார அளவில் கடினமான வேலையைத் தவிர்க்கச் சொல்வர். உதட்டோரமோ இமையோ சில வாரங்கள் தளர்ந்து காணப்படலாம்; பெரும்பாலோருக்கு அது மாதங்களில் சீராகிவிடும். காதுமடல் மரத்துப்போவதும் உண்டு. வேறொரு விந்தையையும் கூறல் தகும். சிலருக்கு உணவு உண்ணும்போது கன்னத்தில் வியர்வை துளிர்க்கும். உமிழ்நீரைச் சுரப்பிக்கும் நரம்பிழைகள் வழிமாறி வியர்வைச் சுரப்பிகளைச் சென்றடைவதால் இது நிகழ்கின்றது. 1923இல் இதனைத் தெளிவுற விளக்கியவர் லூசியா ஃபிரே என்னும் போலந்து நாட்டுப் பெண் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் கொடுமைக்கு இரையானவர். அவர் பெயரே அந்நிலைக்கு இன்றும் வழங்குகின்றது.

கட்டி தீயதாயின் அறுவை விரிவாக அமையும். கழுத்துக் கழலைகளையும் அகற்ற நேரலாம். நரம்பையே நோய் பற்றியிருந்தால் அப்பகுதியை வெட்டி எடுத்து, வேறிடத்து நரம்பால் இணைப்பர். பின்னர்ப் பலருக்குச் சில வாரங்கள் கதிர்ச்சிகிச்சை அளிக்கப்படும். 1999இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2023 முதல் புரோட்டான் கதிர்ச்சிகிச்சையும் உண்டு. எல்லார்க்கும் அது வேண்டுவதன்று. புற்றுநோய் மருந்துகளால் இந்நோயில் கிடைக்கும் பயன் குறைவே. எனினும், கட்டியின் மரபணுவைச் சோதித்து அதற்கென்றே கொடுக்கும் மருந்துகள் சிலவகைக்கு அண்மைக்காலத்தில் வந்துள்ளன. கதிர்ச்சிகிச்சையால் வாய் வறண்டு பல் சொத்தையாகும். ஆதலின் தொடங்குமுன்பே பல் மருத்துவரைக் காணுதல் வேண்டும். வறட்சிக்குத் தண்ணீரை அடிக்கடி சிறிது சிறிதாகப் பருகலாம். வெற்றிலை மெல்லுதல் மருந்தாகாது.

இவற்றுள் ஒருவகைப் புற்று மெல்ல நரம்பைப் பற்றிப் படர்ந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து நுரையீரலில் தலைகாட்டும் இயல்புடையது. ஆகையால் 'ஐந்தாண்டு கடந்தது, இனி அச்சமில்லை' என்று பரிசோதனையை நிறுத்திவிடலாகாது.

மருத்துவரைக் காணச் செல்வோர் கட்டியை முதன்முதல் கண்ட மாதத்தை நினைவுகூர்ந்து குறித்துக்கொண்டு செல்லல் நன்று. தீபாவளிக்கு முன்னா, பின்னா என்று வீட்டாரைக் கேட்டால் தெரியும். திருமணப் படமோ பழைய அடையாள அட்டையோ இருப்பின் உடன் கொண்டு செல்லலாம். முகத்தின் இருபுறமும் முன்னர் ஒத்திருந்தனவா என்பது அதில் புலப்படும். அறுவை முடிந்தபின், நோயியல் அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் தகரப் பெட்டியிலேயே வைத்தல் வேண்டும். பல்லாண்டு கழித்து வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் முதலில் கேட்பது அக்காகிதத்தைத்தான்.